ஜனாதிபதியின் பல்வலியும் நீலத்தாளின் கடைசி மடிப்பும்

செத்து நாலைந்து தலைமுறை கழிந்துவிட்ட ஓர் அமெரிக்க ஜனாதிபதிக்கு எந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் நோவெடுத்தது என்று எனக்குத் தெரியும். இடது பக்கம். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஹனோவரில், என் வீட்டு மேசையில், நான் வாங்கி நானே சமைத்த கோழியைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு படித்த மனிதர் சொன்ன செய்தி அது. ஒருமுறை சொன்னால் மறந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொன்னார்.

என்னைப் பற்றி முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் குறைத்துச் சொல்லுவார்கள். சரக்குக் கப்பலில் குசினி வேலைக்கு ஏறியவன் நான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஹம்பூர்க் துறைமுகத்தில் பருத்திச் சேட்டோடு இறங்கினேன். அங்கிருந்து ஹனோவருக்கு வந்து ரப்பர் தொழிற்சாலையில் நின்றேன். அந்த மணம் குளித்தாலும் போகாது. பஸ்சில் என் பக்கத்துச் சீற் எப்போதும் எனக்கே. ஆனால் நான் அங்கேயே கிடந்து வேகப் பிறந்தவன் அல்ல.

ஜெர்மன்காரர் வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களை ஒரு குறித்த நாளில் தெருவோரம் இறக்கி வைப்பார்கள். அதற்கு ஸ்பெர்முல் என்று பெயர். மற்றவர்கள் அங்கே குப்பையைக் கண்டார்கள். நான் சலவை இயந்திரங்களைக் கண்டேன். கைவண்டியில் ஏற்றி வந்து, நிலவறையில் வைத்துக் கழற்றுவேன். ஒன்றைக் கழற்றிப் பூட்டத் தெரியாமல் கெடுத்தேன். அடுத்ததில் பழகினேன். மூன்றாவது ஓடியது. பெல்ட் எங்கே தேயும், தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் எந்தக் காசு, எந்தப் பொத்தான் வந்து சிக்கும் என்பதெல்லாம் எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எழுபது பிறக்குமுன்னே என் பெயர் எழுதிய பலகையோடு ஒரு கடை. கடையில் ஒரு ஜெர்மன்காரன் என்னிடம் சம்பளத்துக்கு நின்றான். கணக்கு எழுத ஒரு ஜெர்மன்காரி வந்தாள். அவளையே கலியாணமும் செய்துகொண்டேன். என்னோடு கப்பலில் வந்தவர்களில் எத்தனை பேர் இப்படி வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படித்த மனிதரை நான் கண்டதும் சலவை இயந்திரத்தால்தான். பல்கலைக்கழக மாணவர் விடுதியில் ஒன்று பழுதாகி, திருத்தப் போயிருந்தேன். தரையில் குந்தியிருந்து பின்தகட்டைக் கழற்றுகிறேன். வாசலில் ஈர உடுப்பு வாளியோடு நின்ற ஒருவர், “அரியண்டம்” என்று சலித்துக்கொண்டார். அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தானைத் தவிர உலகத்தில் எவன் சொல்லுவான்?

“ஊரிலை எங்கை?” என்றேன், திரும்பாமலே.

வாளி கீழே விழுந்தது.

பெல்ட்டைப் பூட்டி முடிக்குமுன் அவருடைய ஊர், தகப்பன், கலியாணம் ஆகாதவர் என்ற விவரம் எல்லாம் எடுத்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயது குறைவு. என்ன படிக்கிறார் என்று கடைசியாகத்தான் கேட்டேன்.

“சரித்திரம் அண்ணை. டாக்டர் பட்டத்துக்குச் செய்யிறன்.”

“ஆற்றை சரித்திரம்? எங்கடை சரித்திரமோ?”

“இல்லை. ஒரு அமெரிக்க ஜனாதிபதியின்ரை கடிதங்கள். அரசியல் கடிதம், சொந்தக் கடிதம் ரெண்டும். இந்தப் பக்கத்தாலை அமெரிக்காவுக்குப் போன ஒரு ஜெர்மன்காரர் அவருக்குச் சிநேகிதம். ஆளுக்காள் நிறைய எழுதியிருக்கினம்.”

“அவையள் எழுதினதுக்கு உமக்கு என்ன வந்தது?”

அவர் சிரித்தார். படித்தவர்கள் படிக்காதவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அது. நான் இயந்திரத்தை ஓடவிட்டேன். அது பேசாமல் ஓடியது.

எனக்கு ஊரில் ஒரு தங்கை இருந்தாள். தகப்பன் இல்லை, அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது என் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் நன்றாகச் சித்தியடைந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் கூட. எங்கள் குடும்பத்தில் மூளை எல்லோருக்கும் உண்டு, எனக்கு அடுத்து அவளுக்கு. அவருடைய சாதகம் அவளுடையதோடு பொருந்தியது. அம்மா, படித்த மாப்பிள்ளை என்று கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டா. படிப்பு முடிந்ததும் கலியாணம், பிறகு அவளும் ஜெர்மனிக்கு வருவாள் என்று பேச்சு முடிந்தது. பேசி முடித்தவன் நான்தான். வேறு ஒருவன் என்றால் இந்த இடத்தில் “பிழை விட்டுவிட்டேன்” என்று எழுதுவான். நான் எழுதமாட்டேன். வெளித்தகடு பளபளவென்றிருக்கிற பெட்டியை நல்லதென்று நம்பித்தான் தூக்குகிறோம். உள்ளே மோட்டார் இல்லை என்பது திறந்தால்தானே தெரியும்.

பேசி முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு நேரே கடிதம் போடுவது எங்கள் பக்கத்தில் இல்லை. தமையனுக்கு எழுதி, உள்ளே ஒரு துண்டு வைத்து அனுப்பலாம். கண்டும் காணாமலும் விடுவார்கள். ஆனால் தங்கை எழுதியதெல்லாம் ஏரோகிராமில். நீல நிறத் தாள், அதையே மடித்து ஒட்டினால் அதுவே உறை. குறைந்த முத்திரையில் வந்துவிடும். உள்ளே வேறு எதுவும் வைக்கக்கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அதனால் அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். தாளின் மேல் இரண்டு மடிப்பும் எனக்கு. கடைசி மடிப்பு அவருக்கு. நான் கத்தரிக்கோலால் கடைசி மடிப்பை வெட்டி, அவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது கொடுப்பேன். அதேபோல் என் பதிலிலும் மேல் இரண்டு மடிப்பில் நான் எழுதிவிட்டு, கடைசியை அவருக்கு விட்டுவைப்பேன்.

என் எழுத்து பெரிய எழுத்து. ஒரு வரிக்கு நாலு சொல்தான் அடங்கும். கடையில் புது இயந்திரம் வந்த கதையைத் தொடங்கினால், அது கடை வாசலுக்கு வருமுன் என் பங்கு முடிந்துவிடும். பரவாயில்லை என்று நிறுத்தி, கடைசி மடிப்பை வெள்ளையாக விட்டு, தாளை அவருக்குக் கொடுப்பேன்.

வெள்ளையாகவே திரும்பி வரும்.

“அடுத்த கிழமை எழுதிறன் அண்ணை. இந்தக் கிழமை அமெரிக்காவிலை இருந்து கடிதங்களைப் படம் பிடிச்ச சுருள் புதுசாய் வந்திருக்கு. ஜனாதிபதி ஒரு தையல்காரனுக்கு எழுதினது. மேலங்கியின்ரை கை நீளம் காணாதாம்.”

“அவருக்குக் கை நீளமாய்த்தான் இருந்திருக்கு. உமக்குத்தான் கட்டை.”

அவர் சிரிப்பார். கோழிக்காலை எடுப்பார். பிறகு பல்வலி தொடங்கும். பல்வலி வந்த நாளில் ஜனாதிபதி மூன்று கடிதம் எழுதினாராம்; மூன்றிலும் கோபம் இருந்ததாம்; அந்தக் கோபத்தால் ஒரு மந்திரிக்கு வேலை போனதாம். பல்லைப் பிடுங்காமல் மந்திரியைப் பிடுங்கியிருக்கிறார். ஒரு நாட்டை இப்படியும் ஆளலாம் என்றால் எனக்கும் கொடுத்திருக்கலாம். நான் பல்லைப் பிடுங்கியிருப்பேன்.

என் மனைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வாராவாரம் நான் ஒரு நீலத்தாளை நீட்டுவதும், அவர் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பதும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் அவர் போனபிறகு ஜெர்மனில் கேட்டாள்: “அவருக்குக் கையில் ஏதும் வருத்தமா?”

தாள்களை நான் கடைசி மடிப்பு வெள்ளையாகவே அனுப்பினேன். வேறு என்ன செய்வது? தங்கை ஒன்றும் கேட்கவில்லை. தன் கடைசி மடிப்பை மட்டும் ஒழுங்காக நிரப்பி அனுப்பினாள். நான் அதை வாசிப்பதில்லை. வெட்டும்போது கண் போகும். கண்ணுக்குக் கதவு போட முடியாது. ஒருமுறை, அங்கே மாரியில் உடுப்பை எங்கே காயப்போடுவார்கள் என்று கேட்டிருந்தாள். இன்னொருமுறை, “உங்கள் ஜனாதிபதி எதைப்பற்றி எழுதுவார்?” என்று கேட்டிருந்தாள். பார்த்தீர்களா, என் தங்கை எவ்வளவு கெட்டிக்காரி! ஆளுக்கு எது பிடிக்குமோ அதிலேயே கை வைத்தாள். அந்த ஞாயிறு நான் அவரிடம், “இண்டைக்கெண்டாலும் எழுதுவீர். உமக்குப் பிடிச்ச பாடம்” என்றேன்.

“அதைச் சுருக்கமாய் எழுத ஏலாது அண்ணை,” என்றார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. என் மடிப்பிலேயே எழுதியிருந்தாள். ஆசிரியர் கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். முடித்தால், அனுப்புகிற ஊரில் சில வருடம் படிப்பித்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தம். போனால் ஜெர்மனிப் பயணம் தள்ளிப்போகும். போகாவிட்டால் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும், திரும்ப வராது. தைப்பொங்கலுக்கு முன் பதில் கொடுக்கவேண்டும். “அவரிடம் கேட்டிருக்கிறேன், அவர் சொல்லட்டும்” என்று முடித்திருந்தாள்.

கடைசி மடிப்பை வெட்டிக் கையில் கொடுத்தேன். விஷயத்தையும் வாயால் சொன்னேன்.

“போகட்டோ, வரட்டோ? ஒரு சொல்லு. ‘போ’ எண்டால் ஒரு எழுத்து. ‘வா’ எண்டாலும் ரெண்டு கீறல்தான். இப்பவே எழுதும்.”

“அவசரப்பட ஏலாது அண்ணை. ரெண்டு பக்கமும் யோசிக்கோணும்.”

“அப்ப யோசியும். எத்தினை நாள் வேணும்?”

“பாப்பம்.”

இரண்டு ஞாயிறு வந்தது, போனது. மூன்றாவது ஞாயிறு ஆளே வரவில்லை. ஜனாதிபதிக்கு ஏதோ தேர்தல் வந்துவிட்டதாம். மார்கழி பாதி கழிந்துவிட்டது. தபால் போய்ச்சேர ஒரு கிழமைக்கு மேல் வேண்டும். நான் கடையைப் பூட்டினேன். திங்கட்கிழமை காலை, வியாபார நேரத்தில், பூட்டினேன் என்றால் யோசித்துப் பாருங்கள். ஒரு புது ஏரோகிராமை வாங்கிக்கொண்டு, திருத்து சாமான் பையோடு அப்படியே அவர் அறைக்குப் போனேன்.

அறை முழுக்கப் பெட்டிகள். பெட்டிகளில் அட்டைகள். பச்சை அட்டை அரசியல் கடிதம், வெள்ளை அட்டை சொந்தக் கடிதம். ஒவ்வொரு அட்டையிலும் ஆர் எழுதியது, எங்கிருந்து, சுருக்கம், பதில் போட்ட விவரம். எனக்கு இருக்க இடமில்லை. கதிரையிலும் ஜனாதிபதிதான் இருந்தார். தூக்கிக் கீழே வைத்துவிட்டு இருந்தேன்.

“தங்கச்சிக்குப் பதில் எங்கை?”

அவர் முகம் வாடவில்லை. எழும்பிப் போய், அலமாரிக்குள் இருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். கோயிலில் தட்டம் கொண்டுவருகிற மாதிரி.

“நான் கவனிக்கேல்லை எண்டு நினைச்சிட்டியள். பாருங்கோ. ஒண்டுகூடத் துலையேல்லை.”

உள்ளே நான் வெட்டிக் கொடுத்த மடிப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை அட்டை. என் தங்கையின் கடிதங்களுக்கு இந்த மனிதர் சுருக்கம் எழுதி வைத்திருந்தார். ‘மழை. உறவினர் நலம்.’ ‘உடுப்பு உலர்த்தல் பற்றிய விசாரணை.’ கடைசி அட்டையை நானே எடுத்தேன். ‘எழுதியவர் கல்வி வாய்ப்பொன்றைக் குறிப்பிடுகிறார். கருத்துக் கோருகிறார்.’ அதற்குக் கீழே ஒரு கோடு. முன் அட்டையைப் பார்த்தேன், அதிலும் கோடு.

“இந்தக் கோடு என்ன?”

“பதில் எழுதின விவரம் போடுற இடம் அண்ணை.”

“எல்லாத்திலையும் கோடாய்க் கிடக்கு.”

“ஓம். இன்னும் எழுதேல்லைத்தானே. பதிவிலை பொய் எழுத ஏலாது.”

நான் கப்பலில் அடிபட்டவன், தொழிற்சாலையில் வெந்தவன். இப்படி ஒரு பதிவை எங்கேயும் கண்டதில்லை. அட்டையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டேன்:

“உம்மடை ஜனாதிபதிக்கும் இப்பிடிக் கோடு இருக்கோ?”

“சீ! அவர் எல்லாத்துக்கும் பதில் போட்டவர். சண்டை நடக்கேக்கையும் போட்டவர். ஒரு சப்பாத்துத் தைக்கிறவனுக்குக்கூடத் தன்ரை கையாலை எழுதியிருக்கிறார்.” அவ்வளவு பெருமை அந்த முகத்தில்! தானே எழுதிய மாதிரி.

“விசரா! அதைத்தானே இவ்வளவு காலமாய்ப் படிக்கிறீர்? நாட்டையும் ஆண்டு, சண்டையும் பிடிச்சு, பல்லும் நொந்த ஒருத்தன் சப்பாத்துக்காரனுக்குப் பதில் போட்டிருக்கிறான். உமக்குப் பல்லு நல்லாய்த்தானே இருக்கு? என்ரை கோழி சொல்லும்!”

ஏரோகிராமை மேசையில் விரித்தேன். மேல் இரண்டு மடிப்பிலும் நான் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை. “முழுத்தாளும் உமக்கு. எழுதும். நான் கையோடை கொண்டுபோய்ப் போடப்போறன்.”

எழுதினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு மாப்பிள்ளை எழுதுவதைத் தமையன் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. பேனா ஓடிய ஓட்டத்துக்கு, அடைத்திருந்த குழாய் திறந்துவிட்டது என்று நினைத்தேன். எறும்பு எழுத்தில் மூன்று மடிப்பையும் நிரப்பி, ஓரத்திலும் எழுதினார். நானே நக்கி ஒட்டினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீடு வந்து மனைவியிடம், “திருத்திவிட்டேன்” என்றேன்.

பொங்கல் கழிந்து தங்கையின் பதில் வந்தது. வழமைபோலக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பிரித்தேன். வெட்ட இடம் இருக்கவில்லை. எனக்கு எழுதத் தொடங்கிய எழுத்து, கடைசி மடிப்புக்கும் இறங்கி, அடிவரைக்கும் எனக்கே எழுதியிருந்தது.

“அண்ணை, அவருடைய கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். அந்த ஜனாதிபதிக்கு ஒரு மருமகள் இருந்தாளாம். அவளை மேலே படிக்க அனுப்பலாம் என்று ஒரு கடிதத்திலும், இப்போது வேண்டாம் என்று இன்னொரு கடிதத்திலும் எழுதினாராம். இரண்டையும் வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடாம். இவருடைய கருத்து எங்கே என்று ஓரத்திலும் தேடினேன். நான் கலாசாலைக்குப் போகிறேன். ‘ஓம்’ என்று கொடுத்துவிட்டேன். கலியாணப் பேச்சை நீங்கள் நிற்பாட்டிவிடுங்கோ. அம்மா இரண்டு நாள் அழுதா, இப்போது பெட்டி அடுக்கித் தருகிறா. இனிமேல் கடைசி மடிப்பையும் நீங்களே எழுதுங்கோ. உங்கள் கதை ஒவ்வொன்றும் பாதியில் நிற்கிறது. அந்த இயந்திரம் கடைக்குள் வந்ததா இல்லையா?”

அந்த ஞாயிறு அவர் வந்தார். தேர்தல் முடிந்துவிட்டது போலும், நல்ல பசியோடு வந்தார். மனைவி சோறு போட்டாள். அவர் வழமையாக மடிப்பு வைக்கிற இடத்தைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்டும் இல்லையோ அண்ணை?”

“இல்லை. அவள் கலாசாலைக்குப் போறாள். கலியாணம் இல்லை எண்டு எழுதியிருக்கிறாள்.”

கரண்டியைக் கீழே வைத்தார். தலை குனிந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் பாதியை மன்னித்திருப்பேன். என் மனம் பெரிய மனம், எல்லோருக்கும் தெரியும். அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

“அதை அவ தன்ரை கையெழுத்திலை எழுதியிருக்கிறாவோ?”

“வேறை ஆற்றை கையெழுத்திலை?”

“அந்தப் பகுதியை எனக்கு வெட்டித் தரேலுமோ அண்ணை? முடிவுக் கடிதம் இல்லாட்டில் அந்தப் பெட்டி குறையாய்க் கிடக்கும்.”

மனைவி, “என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள். நான் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். அவள் எழும்பி, அவர் முன்னால் இருந்த கோப்பையை, சோறு, கோழி, குழம்போடு தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோனாள். அந்த ஒரு வேலைக்காகவே அவளை இன்னொருமுறை கலியாணம் செய்யலாம்.

“மேலங்கியைப் போடும்,” என்றேன். “உம்மடை அறைக்குப் போவம். அவள் எழுதினது ஒண்டும் உம்மட்டை இருக்கப்படாது.”

பனியில் நடந்தோம். வழியில் அவர் வாய் திறக்கவில்லை. அந்த ஜனாதிபதிக்கு அன்றைக்குத்தான் ஓய்வு கிடைத்திருக்கும். அறையில் சப்பாத்துப் பெட்டியைத் திறந்து, உறைகளில் இருந்து மடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். அட்டைகளைத் தரவில்லை. அவை தன்னுடைய வேலையாம். வைத்துக்கொள்ளும் என்றேன். கோடு போட்ட அட்டை எனக்கெதற்கு?

புறப்படும்போது ஒரு புது அட்டையை எடுத்து ஏதோ எழுதி, பேனாவோடு என் பக்கம் நீட்டினார்.

“என்ன இது?”

“திருப்பி எடுத்தீங்கள் எண்டதுக்கு ஒரு கையெழுத்து அண்ணை. பதிவுக்கு.”

போட்டேன். என் பெரிய எழுத்தில், அட்டையின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம்வரை. பிறகு அவர் பட்டம் பெற்றார், புத்தகமும் போட்டார் என்று கேள்வி. அந்த அட்டையில் பதில் போடுகிற இடத்தில் கோடு போட அவருக்கு இடம் இருந்திருக்காது. நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றமுன்னே ஒரு நீலத்தாளை எடுத்து, இயந்திரம் கடை வாசலைத் தாண்டின இடத்தில் இருந்து தொடங்கினேன். மூன்று மடிப்பும் போதவில்லை.